அரை பிளேட் கேமராவுக்கு ஆர்மோனியத் துருத்தி

போன மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கேமரா மூடியது. கேமரா மூடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்களுக்கு அதற்கு ஏழு மாதம் ஆயிற்று. லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே வெளிச்சம் புகாமல் மடங்கி விரிகிற துருத்தியை மடித்து, முன்சட்டத்தைப் பின்னால் தள்ளி, அடிப்பலகையைத் தூக்கிப் பித்தளைக் கொக்கியை மாட்டியபோது 'டக்' என்று ஒரு சத்தம். அறையில் இருந்த ஆறு பேரும் கை தட்டிவிட்டோம். நடுவில் ஒருமுறை தோற்று, கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கிய வேலை இது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது பெரிய சங்கமெல்லாம் இல்லை. தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற ஒன்பது பேர். ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், ஒரு எக்ஸ்ரே லேப் டெக்னீசியன், இரண்டு கல்லூரிப் பையன்கள், இப்படி. நான் பம்ப்செட் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பழைய கேமரா சேர்க்கிறவர்களிடம் வழக்கமாக இருப்பதெல்லாம் எங்களிடமும் உண்டு. பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக்-3 மட்டும் ஏழு இருக்கிறது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம் டப்பாக்கள் காலியாக ஒரு வரிசை. ஒரே ஒரு கண்டிப்பு: படம் எடுக்காத கேமரா அலமாரிக்குப் போகக் கூடாது. எடுத்துக் காட்டிவிட்டு வை, இல்லாவிட்டால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ. மாஸ்டர் கொண்டுவந்த விதி. எங்களை மாட்டிவிட்டதும் அதுதான்.

அரூர்ப் பக்கம் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து குழுப் பணத்தில் 4,500 ரூபாய்க்கு ஒரு மரக் கேமரா வாங்கினோம். அரை பிளேட் அளவு, அதாவது நாலேமுக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். தேக்கு மாதிரி தெரிகிற மரம், பித்தளைப் பொருத்துகள், 210 மி.மீ. லென்ஸ், கண்ணாடி பிளேட்டை வைத்துச் செருகுகிற இரட்டை ஸ்லைடு மூன்று. பெயர்த்தகடு இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும். மாஸ்டர் பார்த்தவுடனே "இது வாகீஸ்வரி" என்றார். 1940களில் ஆலப்புழையில் கே. கருணாகரன் செய்யத் தொடங்கிய கேமரா அது. தென்னிந்திய ஸ்டுடியோக்களில் நிறையப் புழங்கியது. இருக்கலாம். அந்த மாதிரியைப் பார்த்துச் செய்த வேறு கேமராவாகவும் இருக்கலாம். பெயர்த்தகடு இல்லாததற்கு நான் பெயர் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

கேமராவில் மரம் நன்றாக இருந்தது. லென்ஸில் கொஞ்சம் பூஞ்சை, துடைத்ததும் போய்விட்டது. துருத்திதான் செத்திருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் பெல்லோஸ் என்பார்கள். கொல்லன் பட்டறையில் இருப்பதற்கும் ஆர்மோனியத்தில் இருப்பதற்கும் துருத்தி என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது நான் ஏன் பெல்லோஸ் என்று எழுத வேண்டும்? கரப்பான் தின்ற பாதி, மடிப்பில் வெடித்த பாதி. தொட்டால் கறுப்புத் தூளாகக் கையில் வந்தது. ஒட்டுப் போட முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

கழற்றுவதற்கு முன்னால் அளவெடுத்தேன். இந்த ஒன்றை மட்டும் முதல் தடவையிலேயே ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பின்வாய் வெளியளவு 190 மி.மீ. சதுரம். முன்வாய் 126 மி.மீ. சதுரம். கேமராவை முழுக்க நீட்டினால் துருத்திக்கு வேண்டிய நீளம் 16 அங்குலம். மூடினால் அது அடங்க வேண்டிய இடம் வெறும் 32 மி.மீ. பழைய துருத்தியில் மடிப்புப் பட்டைகளை எண்ணினேன்: ஒரு பக்கத்துக்கு 34. பட்டைக்குப் பட்டை 15 மி.மீ. விரித்துப் போட்டால் 510 மி.மீ. நீளம் வரும். துருத்தியை முழுக்க விறைப்பாக இழுக்கக் கூடாது, ஐந்தில் நாலு பங்குதான் இழுக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 408 மி.மீ. கிடைக்கும், 16 அங்குலத்துக்குச் சரியாகப் போகும். பழைய ஆள் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறான்.

முதல் துருத்தி ஜனவரியில். வெளியே மெல்லிய ரெக்சின், உள்ளே கறுப்பு பாப்ளின், நடுவில் விறைப்புக்குக் கனமான சார்ட் அட்டைப் பட்டைகள், ஒட்ட ஃபெவிகால். நாலு பக்கத்துக்கும் சேர்த்து 136 பட்டைகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் துருத்தி குறுகுவதால் ஒவ்வொரு பட்டையும் முந்தையதைவிட 1.9 மி.மீ. குட்டை. கத்தரிக்கோலால் வெட்டினேன். இரண்டு ராத்திரி. பையன்கள் ஒட்டினார்கள். ஃபெவிகாலின் ஈரத்தில் அட்டை ஊதி, காய்ந்தபின் அப்பளம் மாதிரி வளைந்தது. சரி, மடித்தால் நேராகிவிடும் என்று நினைத்தோம். மடிக்கவே முடியவில்லை. பட்டைகளுக்கு இடையே 1 மி.மீ. சந்துதான் விட்டிருந்தேன், ரெக்சினே 0.6 மி.மீ. கனம், அது எங்கே திரும்பும்? நகம் வலிக்க வலிக்க அழுத்தி ஒரு வழியாக மடித்து, மேலே ஐந்து குதிரைசக்தி மோட்டாரின் ஸ்டேட்டரைத் தூக்கி வைத்துவிட்டு இரண்டு நாள் விட்டேன்.

ஸ்டேட்டரை எடுத்து வெர்னியரில் அளந்தால் 44 மி.மீ. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ரெக்சின் 0.6, அட்டை 0.4, பாப்ளின் 0.25, பசை கொஞ்சம். ஒரு பட்டைக்கு 1.3 மி.மீ. அதை 34-ஆல் பெருக்க ஒரு சிட்டைத்தாள் போதும், அதை ஒட்டுவதற்கு முன்னாலேயே செய்திருக்கலாம். வைண்டிங்கில் ஸ்லாட்டுக்குள் எத்தனை கம்பி அடங்கும் என்று தினமும் கணக்குப் போடுகிறவன் நான். வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அது இன்னும் மோசம்.

அதையும் வீணாக்க வேண்டாம், வெளிச்சமாவது நிற்கிறதா பார்ப்போம் என்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஒரு 9 வாட் எல்இடி பல்பை விட்டோம். நாலு மூலையிலும் கார்த்திகை தீபம். மூலையில் ரெக்சின் மடங்கி மடங்கி மேல்பூச்சு வெடித்திருந்தது. தையல் வாயை மேல்பக்கமாக வைத்திருந்ததால் அங்கே நீளமாக ஒரு கோடு வேறு.

அதோடு மூன்று மாதம் யாரும் தொடவில்லை. மாம்பழ சீசன், அப்புறம் ஆழ்துளைக் கிணறு சீசன், எனக்குக் கடையில் மூச்சுவிட நேரமில்லை.

வழி பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்தது. தெருக்கூத்து ஜமாக்களுக்கு ஆர்மோனியம் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவர் தன் வீட்டு மோட்டாரை வைண்டிங்குக்குக் கொண்டுவந்தார். கூத்தில் ஆர்மோனியத்துக்குப் பெட்டி என்றுதான் பெயர், அதனால் அவர் பெட்டிக்காரர். பெஞ்சுக்குக் கீழே கிடந்த தோற்றுப்போன துருத்தியைக் காலால் இழுத்துப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன பெட்டிக்கு?"

"பெட்டி இல்லைங்க ஐயா, போட்டோ புடிக்கிற பழைய கேமராவுக்கு."

"காத்து நிக்கணுமா?"

"வெளிச்சம் நிக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் மூலையிலதான் போகும்" என்றார். பிறகு என் பட்டை ஒன்றைப் பிய்த்து எடுத்தார். "இதை எதுக்கு மூலை வரைக்கும் கொண்டு போயிருக்க? அட்டையை மூலைக்கு முன்னாடியே நிறுத்திடு. மூலையைத் துணி பாத்துக்கும். நீ பாக்காத."

ஆலப்புழைக் கதையும் இப்படித்தான் என்பார்கள். இசைக்கருவி பழுது பார்க்கிற வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர் கேமராத் துருத்தியைச் சரிசெய்யக் கொண்டுவந்ததில்தான் வாகீஸ்வரி தொடங்கியதாம். இதைச் சொன்னதும் மாஸ்டருக்கு ஏக குஷி. எங்கள் கேமரா வாகீஸ்வரிதான் என்பதற்கு இதுவே சாட்சி என்று ஆரம்பித்துவிட்டார். எப்படிச் சாட்சி ஆகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டாம் துருத்தி மே மாதம். இந்தத் தடவை முதலில் கனம். 32 மி.மீ. இடத்தில் மூலைக்கு 8 மி.மீ. கூடுதல் விட்டால் தட்டைப் பகுதிக்கு 24 மி.மீ. அதை 34-ஆல் வகுத்தால் ஒரு பட்டைக்கு 0.7 மி.மீ.தான். இதற்குள் துணி, விறைப்பு, துணி, பசை எல்லாம் அடங்க வேண்டும். ஸ்க்ரூ கேஜை எடுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். கடைப்பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வெளியே ஜன்னல் திரைக்கு விற்கிற பிளாக்அவுட் துணி, 0.3 மி.மீ., மீட்டர் 280 ரூபாய். உள்ளே குடைத் துணி, 0.1 மி.மீ., 90 ரூபாய். விறைப்புக்கு என் கடையிலேயே விடை இருந்தது: ஸ்லாட்டில் போடுகிற லெதராய்டு பேப்பர், 7 மில், அதாவது 0.18 மி.மீ. நெளியாது, ஈரம் குடிக்காது, மடிப்பு விளிம்பு கூராக நிற்கும். ஏழு வருடமாக அதை வெட்டிக்கொண்டிருக்கிறேன், முதல் தடவை ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். மூன்றும் சேர்த்து 0.58, பசையோடு 0.65 என்று வைத்தால் 34-க்கு 22 மி.மீ.

பட்டையின் அகலம் 13 மி.மீ., சந்து 2 மி.மீ. இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, மூலைக்கோட்டுக்கு 4 மி.மீ. முன்னாலேயே நிறுத்தினேன். கத்தரிக்கோல் கிடையாது. இரும்பு ஸ்கேல், புது பிளேடு, கீழே கண்ணாடி. முதலில் குடைத் துணியைப் பலகை மேல் இழுத்து நாலு பக்கமும் ஆணி அடித்து, நாலு பக்கங்களின் வடிவத்தையும் 34 கோடுகளையும் வெள்ளைப் பென்சிலில் போட்டேன். கோடு போட மட்டும் மூன்று மணி நேரம். கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடு, கண் எரிகிறது. ஆனால் இங்கே மிச்சம் பிடிக்க நினைத்தால் பிறகு அழ வேண்டியிருக்கும்.

பசையில் மறுபடி ஒரு சறுக்கல். பெட்டிக்காரர் வஜ்ஜிரம் என்கிற தோல் பசையைக் காய்ச்சச் சொன்னார். நாளைக்கு அவிழ்க்க வேண்டுமென்றால் வெந்நீர்த் துணியை வைத்தால் போதும், அது அவர் நியாயம். கரப்பானுக்கும் அதே வஜ்ஜிரம் பிடிக்கும், பழைய துருத்தியை அதுதான் தின்றது, இது என் நியாயம். ரப்பர் சொல்யூஷன் வாங்கினேன், 150 ரூபாய். இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் ஆறவிட்டு, ஒட்ட வேண்டும். தொட்டது தொட்டதுதான், நகர்த்த முடியாது. முதல் ஐந்து பட்டைகள் கோணலாக உட்கார்ந்தன. ஆறாவதிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் தடவி ஈரத்திலேயே வைத்துச் சரிசெய்து அழுத்தினேன். பிடிப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் மேலே பிளாக்அவுட் துணி வந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. அது பலித்தது. அந்த ஐந்து கோணல் பட்டைகளும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பின்வாய்ப் பக்கம், யாருக்கும் தெரியாது.

மேல்துணியைப் போட்டு, நாலு பக்கத்தையும் சுற்றி வளைத்து, வாயை 12 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி அடிப்பக்கத்தில் மூடினேன். வெயில் மேலிருந்துதான் விழும், வாய் எப்போதும் கீழே. இதுவும் பெட்டிக்காரர் சொன்னதுதான், அவருக்கு அது வெயிலுக்காக அல்ல, கை உரசாமல் இருக்க.

மடிப்பது ஒட்டியவுடனே நடக்க வேண்டும், சொல்யூஷன் இறுகுவதற்குள். அகல முனையிலிருந்து ஆரம்பித்து, இரண்டு கட்டைவிரலாலும் சந்தைக் கிள்ளிக் கிள்ளி, ஒரு சுற்று முடிந்தபின் அடுத்த சுற்று. மூலையில் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம். கை பரபரக்கிறது. அட்டையை எட்ட நிறுத்தியிருந்ததால் துணி தானாகவே உள்ளே ஒரு குழி விழுந்து மடங்கிக்கொண்டது. ஒன்றரை மணி நேரத்தில் 34 சுற்றும் முடிந்தது. மறுபடி ஸ்டேட்டர், மறுபடி இரண்டு நாள். அளந்தால் நடுவில் 23, மூலையில் 30.

பெட்டிக்காரர் வந்து சோதனை போட்டார். எங்கள் பல்பை அவர் சட்டை செய்யவில்லை. இரண்டு வாயையும் பலகையால் அடைத்து, துருத்தியை மெல்ல அமுக்கி, ஈரக் கன்னத்தை மூலையோரம் கொண்டுபோனார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு." பிறகு இருட்டில் பல்பை விட்டுப் பார்த்தோம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, பையன்கள் அவரைக் கிண்டல் செய்யத் தொடங்கினார்கள். கண் இருட்டுக்குப் பழகி, பத்தாவது நிமிடத்தில், அவர் காட்டிய இரண்டு இடத்திலும் ஊசிமுனை மாதிரி வெளிச்சம். அவரிடமிருந்தே 100 ரூபாய்க்கு மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு வாங்கி, விளிம்பைக் கல்லில் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கி, உள்பக்கமாக ஒட்டினோம். இந்த இரண்டு ஒட்டுக்கு மட்டும் வஜ்ஜிரம். அவர் மனசும் நோகக் கூடாதே.

அடுத்தது கிரவுண்ட் கிளாஸ், அதாவது லென்ஸ் காட்டுகிற படத்தைப் பின்னாலிருந்து பார்த்துக் கூர்மை பிடிக்கிற மங்கல் கண்ணாடி. பழையது உடைந்திருந்தது. 2 மி.மீ. கண்ணாடி மூன்று துண்டு வெட்டி வாங்கினேன், 120 ரூபாய். முதலில் லேத் பட்டறையில் வால்வுக்குப் போடுகிற அரைப்புப் பேஸ்ட்டைக் கடன் வாங்கித் தேய்த்தேன். எண்ணெய்ப் பசை, கறுப்பு, நடுநடுவே ஆழமான கீறல். அந்தக் கண்ணாடி போயிற்று. அப்புறம் கார்போரண்டம் பவுடர், முதலில் 220, பிறகு 600. கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு கண்ணாடியை ஒன்றின்மேல் ஒன்று வைத்து எட்டுப் போடுகிற மாதிரி நாற்பது நிமிடம். இரண்டும் அழகாக மங்கின. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நாற்பது நிமிடம் அதுதான். சத்தம் முதலில் கரகரவென்று இருந்து, பவுடர் பொடியப் பொடிய மெல்ல மெல்ல அடங்கும்.

பிளேட்டுக்குப் பதில் எக்ஸ்ரே பிலிம். டெக்னீசியன் தம்பி, லேப் டிஜிட்டலுக்கு மாறியபோது மிஞ்சிய 8-க்கு 10 அங்குலப் பெட்டி ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு தாளில் அரை பிளேட் இரண்டு வரும். பச்சைக்கு உணர்வுள்ள ரகம், சிவப்பு வெளிச்சத்தில் கையாளலாம். எந்தச் சிவப்பு என்பதுதான் கேள்வி. ஜீரோ வாட் சிவப்பு பல்பின் கீழே ஒரு துண்டு பிலிமை வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசு வைத்து, ஐந்து நிமிடம் கழித்து டெவலப் செய்தோம். காசின் வட்டம் பளிச்சென்று விழுந்தது, அதாவது பல்பு ஆகாது. பிள்ளையார் கோயில் சீரியல் செட்டிலிருந்து கழற்றிய சிவப்பு எல்இடியில் காசு விழவில்லை. சாமி புண்ணியம்.

டெவலப்பர் டி-76, பொடி வாங்கி நாங்களே கலந்தோம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும், சல்ஃபைட்டுக்குப் பிறகு போட்டால் கரையாமல் அடம் பிடிக்கும். தண்ணீர் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். போர்வெல் தண்ணீரில் கழுவிய முதல் நெகட்டிவ் காய்ந்தபோது முழுக்க வெள்ளைப் புள்ளி. எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பதற்காகக் கொண்டுவந்த தண்ணீர், எங்கள் நெகட்டிவுக்கும் உதவிற்று. வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீர் 31 டிகிரி, ஐஸ் பாக்கெட் போட்டு 24-க்கு இறக்கினோம்.

முதல் படம் பெட்டிக்காரர்தான். மாடி வராந்தாவில், நிழலில், தொடையில் பெட்டியோடு உட்கார வைத்து, லென்ஸை எஃப் 8-இல் வைத்து, மூடியைக் கழற்றி 'ஆயிரத்து ஒன்று' சொல்லி மூடினோம். ஷட்டர் கிடையாது. நெகட்டிவ் கழுவி வந்தது. கண் மங்கல். காது அப்படியே முடி முடியாகக் கூர்மை. அசைந்துவிட்டார் என்று பையன்கள் அவர்மேல் பழி போட்டார்கள். அசைந்தால் காதும் அல்லவா மங்க வேண்டும்? இன்னொன்று எடுத்தோம், அதிலும் காதுதான். அன்று முழுக்க ஸ்லைடின் ஆழத்தை அளந்து, மரம் சுருங்கியிருக்கும், தகடு வைக்கலாம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்டுடியோ அண்ணன் சாயங்காலம் வந்து, கறுப்புத் துணிக்குள்கூடத் தலையை விடாமல், கிரவுண்ட் கிளாஸை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சொரசொரப்பு வெளிப்பக்கம் இருக்கே" என்றார். தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். நான் திருப்பிப் போட்டிருந்தேன். 2 மி.மீ. கண்ணாடியின் கனம் கணக்கில் தப்பியிருந்தது. இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கிற ஆளுக்கு அது ஏறக்குறைய அரை ஜாண், கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தூரம். நாலு திருகாணி, ஐந்து நிமிடம். பிலிமுக்குப் பின்னால் பழைய பிளேட்டின் கனத்துக்கு ஒரு அட்டையும் வைத்தோம், ஸ்லைடின் வில் அதை முன்னே தள்ளிச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது படத்தில் பெட்டிக்காரரின் கண்ணில் எங்கள் ஜன்னலே தெரிந்தது.

எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு. டிரேயில் அடிப்பக்கம் உரசினாலே கீறல். டிரேயின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு பிலிம் மட்டும், கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு செய்தபின் பாதி குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது.

கணக்கு: முதல் துருத்தியில் வீணானது 295. இரண்டாவதுக்கு 620. கண்ணாடி, பவுடர் 300. அரக்கு பாலிஷ், திருகாணி 210. மருந்துகள் 1,150. பிலிம் 600. டிரே மூன்று 240. மொத்தம் 3,415, கேமராவோடு 7,915. லெதராய்டு கடைக் கழிவு, அதற்குக் கணக்கு எழுதவில்லை.

கேமரா மூடிய அடுத்த வாரமே மாஸ்டர் ராயக்கோட்டைக்குக் கிளப்பிவிட்டார். லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவக் கேப்டன், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்தவர், ராயக்கோட்டையைப் படமெடுத்து 1858-இல் வெளியிட்டார். காகித நெகட்டிவில் எடுக்கிறவர் அவர். அப்போது அது சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. "மலை மட்டும் எங்கயும் பிரியல, போய் எடுத்துட்டு வரலாம் வாங்க" என்றார். பாலக்கோடு வழியாக ஒரு ஆம்னி வேனில் ஐந்து பேர், கேமரா, மரக் கால், மூன்று ஸ்லைடு. வெயில் ஏறினால் மூடியைக் கழற்றி மூடுகிற வேகம் போதாது, பிலிம் கரிந்துவிடும். அதனால் மேகமூட்டமான காலையாகப் பார்த்து, எஃப் 32-இல் ஒரு விநாடி. நாலு பிலிம் எடுத்தோம்.

ஒன்று காற்றில் ஆடிப்போனது. மரக் காலின் நடுவில் ஒரு கல் மூட்டையைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். ஒன்று நன்றாக வந்தது: மலை, கீழே தென்னைகள், பாறையின் வெடிப்புகள் வரைக்கும். துருத்தியில் ஒரு ஒழுக்கும் இல்லை. மற்ற இரண்டிலும் ஒரே ஓரத்தில், ஒரே அகலத்தில், விசிறி மாதிரி கறுப்பு. துருத்திதான் என்று முதலில் வயிறு கலங்கியது. இரண்டும் ஒரே ஸ்லைடில் இருந்தவை என்று பிறகுதான் கவனித்தேன். ஸ்லைடின் மூடியை இழுக்கும்போது அதன் வாயில் வெளிச்சத்தைத் தடுக்கிற வெல்வெட் வழுக்கையாகியிருக்கிறது.

மறுபடி துருத்தி செய்தால் குடைத் துணி போட மாட்டேன். உள்ளே லேசாகப் பளபளக்கிறது. எதிர் வெளிச்சத்தில் நெகட்டிவ் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. மெல்லிய 'வாயில்' ரகத் துணிக்குக் கறுப்புச் சாயம் போட்டுப் பார்க்கலாம். பட்டையைப் பின்வாய்ப் பக்கம் 15, முன்வாய்ப் பக்கம் 13 என்று குறைத்துக்கொண்டே வந்தால் மூலை இன்னும் ஒழுங்காக விழும் என்று தோன்றுகிறது. பிளேடு 136 பட்டைக்கு ஒன்று போதாது, முப்பதுக்கு ஒன்று மாற்ற வேண்டும்.

இப்போது பெஞ்சில் அந்த ஸ்லைடு கிடக்கிறது. கால் மீட்டர் வெல்வெட் வாங்கி வைத்தேன், கனம் 1.1 மி.மீ. ஸ்லைடின் பள்ளம் 0.8. இந்தத் தடவை ஒட்டுவதற்கு முன்னாலேயே அளந்துவிட்டேன். பெட்டிக்காரரிடம் சொன்னால், ஆர்மோனியக் கட்டைக்கு அடியில் ஒட்டுகிற மெல்லிய துணி வீட்டில் இருக்கிறது, மோட்டாரை எடுக்க வரும்போது கொண்டு வருகிறேன் என்றார். அவர் மோட்டார் இன்னும் என் கடையில்தான் இருக்கிறது, வைண்டிங் முடியவில்லை.